எந்தத் தெரு என்று கேட்காதவர்

"எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால் நம் ஆட்களுக்குப் பதில் உடனே வந்துவிடாது. ஊர்ப் பெயரைச் சொல்வதில் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்து ஒரு கேள்வி வரும், அதுதான் சங்கடம். "ஊர்ல எந்தப் பக்கம்?", "எந்தத் தெரு?", "ஏரிக்கரைக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?" பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரம்மா கேட்பார். கல்லூரி விடுதியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் அறைத்தோழனே கேட்பான். என்ன தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்று கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

தென்பெண்ணைக் கரையோரக் காலனி ஒன்றில் நாம் சந்தித்த 53 வயது கரும்பு வெட்டும் தொழிலாளி, தன் மனைவிக்கு வந்த நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்ததே இந்தக் கேள்வியிலிருந்துதான். மனைவியை மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த முதல் நாள் இரவு. கதவுக்கு வெளியே சுவரோரமாகக் குந்தியிருந்தவரிடம் ஒரு செவிலியர் வந்து, "எந்த ஊருப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஊர் பேரச் சொல்லிட்டு அடுத்தது கேப்பாங்கன்னு தலையக் குனிஞ்சிக்கிட்டேன். அந்தப் பொண்ணு, 'அங்கருந்து இங்க வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு? வீட்ல வேற யார் இருக்கா? நைட்டுக்கு மாத்தி விட ஆள் வருமா?'ன்னு கேட்டுது. எனக்குப் பதிலே வரல சார். வேற எதுக்கோ தயாரா இருந்துட்டன் இல்ல."

இந்தப் பத்தியில் வாரா வாரம் நாம் எழுதுவது பெரும்பாலும் புகார்தான். மயானப் பாதை இல்லை, குடிநீர்க் குழாய் காலனிக்கு முன்பாகவே நின்றுவிட்டது, டீக்கடையில் தனிக் குவளை, உதவித்தொகை வரவில்லை. எழுத எவ்வளவோ இருக்கிறது. அதனால் "ஒரு நர்ஸம்மாவைப் பத்தி எழுதணும் சார்" என்று அவர் மகள் நம்மை அழைத்தபோது முதலில் கொஞ்சம் தயங்கினோம். அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் தன் வேலையைச் செய்ததற்குப் பாராட்டா என்ற தயக்கம். போய்க் கேட்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கார்த்திகை மாதம். நடவு நேரம். மனைவிக்கு நான்கைந்து நாள் வயிற்றுப்போக்கு இருந்து, கைவைத்தியத்தில் நின்றுவிட்டிருக்கிறது. பத்து நாள் கழித்து நடவுக்குப் போன இடத்தில், சேற்றிலிருந்து காலை எடுக்கும்போது இரண்டு பாதமும் மதமதவென்று இருந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் நின்றதால் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் காலை எழுந்து நிற்க முடியவில்லை. மாலையில் முழங்கால் மடங்கவில்லை. அடுத்த நாள் சோற்றுக் கிண்ணம் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம் என்றார்கள் சிலர். ஓடையோரம் அந்தியில் போனாள், காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள் சிலர். எண்ணெய் தேய்த்துவிட ஒரு வைத்தியரைக் கூட்டிவர ஆள் கிளம்பிவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த இளம் மருத்துவர்தான் இது வேறு என்று கண்டுகொண்டவர். முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்திருக்கிறார், கால் அசையவில்லை. "ஒண்ணுலருந்து இருபது வரைக்கும் மூச்சு விடாம எண்ணுங்கம்மா" என்றிருக்கிறார். ஒன்பதோடு மூச்சு நின்றுவிட்டது. உடனே 108-க்குச் சொல்லிவிட்டார். அன்று இரவு பதினொரு மணிக்குள் அந்த அம்மாவின் தொண்டையில் குழாய் இறங்கி, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தார்.

நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம். மருத்துவமனையில் சுருக்கமாக ஜி.பி.எஸ். என்கிறார்கள். 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் புனேயில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்து செய்தியானதே, அதே நோய். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போன பிறகு, கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறி நரம்புகளையே தாக்கிவிடுகிறது. லட்சம் பேரில் ஓரிருவருக்கு ஓர் ஆண்டில் வரக்கூடியது. பக்கவாதம் பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தை இழுக்கும். இது இரண்டு காலிலும் ஒன்றாக ஆரம்பித்து, சில நாட்களுக்குள் மேலே ஏறும். மூச்சுத் தசை வரை ஏறினால் உயிருக்கு ஆபத்து. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் நாட்கள்தான் ஆளைக் கொல்லும். காலத்தில் கொண்டுபோனால் பெரும்பாலோர் பிழைத்து நடக்கிறார்கள், மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவுதான்.

இதில் இன்னொன்று இருக்கிறது. கை கால் அசையாது, பேச்சு வராது, சிலருக்கு இமைகூட மூடாது. ஆனால் நினைவு தப்பாது. காது கேட்கும். தொட்டால் பலருக்குத் தெரியும், வலிக்கும். கட்டிலைச் சுற்றி நின்று பேசுவது அத்தனையும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் அது கட்டை மாதிரி கிடப்பதாகத் தெரியும்.

அந்தச் செவிலியர் முதல் இரவே இதைக் கணவரிடம் சொல்லியிருக்கிறார். "அம்மாவுக்கு எல்லாம் கேக்குதுப்பா. பக்கத்துல நின்னு அழாதீங்க. சாவு, கடன்னு பேசாதீங்க. அவங்ககிட்டயே பேசுங்க."

பேசுவதற்கு அவரே வழியும் சொல்லிக் கொடுத்தார். இமை மூட முடியாவிட்டாலும் விழி மேலும் கீழும் போனது. விழி மேலே போனால் ஆமாம், கீழே போனால் இல்லை. வலிக்குதா? இல்லை. தாகமா? இல்லை. மூன்றாவது நாள் கணவர் உள்ளே போனபோது மனைவியின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என்ன வேண்டும் என்று புரியவில்லை. செவிலியர் பக்கத்தில் நின்று, "வீட்டு விஷயமா ஒண்ணொண்ணாக் கேளுங்கப்பா" என்றார். ஆடு? கீழே. பொண்ணு? கீழே. அவங்க அண்ணன் வூட்டுக்குச் சொல்லணுமா? கீழே. குழுப் பணமா? விழி சட்டென்று மேலே போனது. அன்று வியாழக்கிழமை. மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை கட்ட வேண்டிய நாள்.

"சாகக் கெடக்கறப்ப இவளுக்குத் தவணை ஞாபகம் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த மனைவி, "நான் கட்டலன்னா மீதி ஒம்போது பேரு தலையில இல்ல விழும்" என்றார். அந்தப் பதில் இன்றும் அதே வேகத்தில் வருகிறது.

ஊசி மருந்துக்கு வருவோம். இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஐந்து நாள் ஏற்ற வேண்டும். வெளியே வாங்கினால் லட்சம் ரூபாயைத் தாண்டும். அரசு மருத்துவமனையில் இவர்களுக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கக் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று என்று காகிதங்கள் வேண்டும். இவருக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். அந்தச் செவிலியர், எந்த அலுவலகம், எந்தக் காகிதம், எத்தனை நகல் என்று வரிசையாக ஒரு துண்டுத் தாளில் எழுதி, "படிக்கத் தெரியலன்னா இத அப்படியே காட்டுங்க" என்று கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறார். குடும்ப அட்டைக்குள் மடித்து வைத்திருந்ததை எடுத்து நம்மிடம் காட்டினார். மடிப்பில் கிழிந்து போயிருக்கிறது.

எல்லோரும் அப்படி இருந்துவிடவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ள நூறு, ஸ்கேன் எடுக்க அழைத்துப் போக நூறு என்று கை நீட்டியவர்கள் அங்கே இருந்தார்கள். "ஓரமா போய்யா" என்றவர்களும் இருந்தார்கள். இதற்கெல்லாம் பழகிப்போய்த்தான், நான்காம் நாள் இவர் இருநூறு ரூபாயைச் சுருட்டி அந்தச் செவிலியர் கையில் திணிக்கப் போனார். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "எனக்குச் சம்பளம் தர்றாங்கப்பா. இத வெச்சு நீங்க சாப்பிடுங்க. ரெண்டு நாளா வெறும் டீதான் குடிக்கறீங்க, பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றார். அன்று முழுக்க அவர் முன்னால் வரவே கூச்சமாக இருந்ததாம்.

பத்தொன்பது நாள் அந்த அம்மா கருவியில் இருந்தார். பாதியில் கழுத்தில் துளையிட்டுக் குழாய் மாற்றினார்கள். இந்த நாட்களில் செவிலியர் என்ன செய்தார் என்று கேட்டால் கணவருக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே இருந்தவர்தானே. உள்ளே இருந்தவரிடம் கேட்டோம்.

"காலையில வந்ததும், 'அம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கிழம, மணி எட்டு, வெளியில மழ'ன்னு சொல்லும். உள்ள லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கும், பகலு ராத்திரி தெரியாது. அது சொன்னாத்தான் எனக்கு நாளு. சளி எடுக்கறதுக்கு முன்னால, 'இப்ப குழாய் உடப்போறேன், இருமல் வரும், பயப்படாதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் உடும். மத்தவங்க சொல்லாம உட்டுடுவாங்க, உசுரு போயி உசுரு வரும். ரெண்டு மணிக்கொரு தரம் பொரட்டிப் படுக்க வைக்கும். மலம் மூத்திரம் எல்லாம் அதுதான் தொடச்சுது. மொகத்தத் திருப்பிக்காது. தொடச்சுட்டு பவுடர் போட்டு, தலைய வாரி வுடும். எங்கம்மா செத்தப்புறம் என் தலைய யாரும் வாரி வுட்டதில்ல."

நாற்பத்தைந்து நாள் படுக்கையில் கிடந்த அந்த உடம்பில் ஒரு படுக்கைப்புண் கிடையாது. மருத்துவம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு கை உழைப்பு என்று சொல்வார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதுதான் நெறிமுறை. இந்தச் செவிலியர் பல இரவுகளில் நான்கு கட்டில்களைப் பார்த்திருக்கிறார். இரவுப் பணி என்றால் பன்னிரண்டு மணி நேரம்.

தொடுவதைப் பற்றி இவ்வளவு சொல்வானேன் என்று நம் வாசகர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் இந்தப் பத்தியை மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள், அவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார். 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா' இதழில் வந்த கடிதம் அது. எழுதியவர் குஜராத்தின் கத்தியவார் பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்த, தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த ஒருவர். பிரசவமாகி இரண்டு நாளில் அவர் மனைவிக்கு நோய் கண்டது. மருத்துவர் அவர்கள் குடியிருப்புக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து, அவர்கள் பொறுப்பேற்று, இரண்டு ரூபாய் கட்டணமும் கொடுத்தபிறகு, நோயாளியைக் குடியிருப்புக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் குழந்தையோடு அந்தப் பெண்ணை வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மருத்துவர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவிக்கு வைத்தார். திரும்பவும் அதே வரிசையில் கை மாறி வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்றார் மருத்துவர். நாடி பிடிக்கவில்லை. பிறகு வந்து பார்க்கவும் இல்லை. அந்தப் பெண் இறந்துபோனார். படித்த, மருத்துவம் தெரிந்த ஒரு மனிதர், தொட்டால் தீட்டு என்று ஓர் உயிரைப் போகவிட்டார்.

இந்தக் கதையை நாம் அந்தக் காலனியில் சொன்னபோது கரும்பு வெட்டும் தொழிலாளி ஒன்றும் சொல்லவில்லை. மனைவிதான், "அந்தக் கொழந்த என்னாச்சு?" என்று கேட்டார். கடிதத்தில் அதைப் பற்றி இல்லை.

இனி சொல்லப்போவது, இந்த வீட்டில் கணவருக்கே ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கழுத்துக் குழாயை எடுத்து, துளை மூடி, குரல் கரகரவென்று திரும்பிய நாளில் மனைவி அவரிடம் முதலில் சொன்ன விஷயம் இது.

பக்கத்துக் கட்டிலில் பாம்பு கடித்து வந்த ஒருவர் இருந்தார். தேறிக்கொண்டிருந்தார். பார்க்க வந்த அவர் வீட்டுப் பெண்மணி, இந்த அம்மாவைப் பார்க்க வந்த உறவினர் பேச்சிலிருந்து இவர்கள் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டுவிட்டார். அந்தக் கேள்வி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளும் வந்துவிட்டது. செவிலியரைக் கூப்பிட்டு, "பக்கத்துல இருக்கறது காலனிப் பொம்பளயாமே. எங்காளுங்க ராத்திரில வந்து போறாங்க, ஒரு மாதிரியா இருக்கும். இந்தக் கட்டில அந்தக் கோடிக்குத் தள்ளிடேம்மா" என்றார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. கட்டை மாதிரி கிடப்பவளுக்குக் கேட்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

"எனக்குக் காதை மூடிக்கக் கையி வரல. கண்ணைக்கூட மூட முடியல. மேல ஃபேனையே பாத்துக்கிட்டு கெடந்தேன்" என்றார் அந்த அம்மா.

செவிலியர் அப்போது இவருக்குச் சளி எடுத்துக்கொண்டிருந்தார். வேலையை முடித்தார். கையுறையைக் கழற்றிப் போட்டார். பிறகு சொன்னார்: "கட்டில் மாத்தணும்னா எழுதிக் குடுங்கக்கா. எதுக்குன்னு காரணமும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. டாக்டர்கிட்ட வெக்கறேன்." அவ்வளவுதான். கத்தவில்லை, உபதேசம் பண்ணவில்லை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு செவிலியர் இந்த அம்மாவின் பக்கம் குனிந்து, நெற்றியில் கை வைத்து, "மணி ஆறேகால்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955-இன் ஐந்தாவது பிரிவின்படி, தீண்டாமையின் பேரால் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது குற்றம். சேர்த்தபிறகு அங்கே பாகுபாடு காட்டுவதும் குற்றம். தனியார் மருத்துவமனையானாலும் பொதுமக்களுக்காக நடத்தப்படுவது என்றால் பொருந்தும். பள்ளிக்கூடத்துக்கும் விடுதிக்கும் இதே பிரிவுதான். அந்தச் செவிலியர் சட்டம் படித்துவிட்டு அப்படிச் சொன்னாரா என்று தெரியாது. ஆனால் காரணத்தை எழுதச் சொன்னது சரியான இடத்தில் கை வைத்தது.

இன்னொன்றும் நமக்குத் தோன்றியது. பாம்புக்கடிக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்தைத் தயாரிக்கப் பாம்பின் விஷம் வேண்டும். நாட்டில் அந்த விஷத்தில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக எங்கிருந்து போகிறது தெரியுமா? செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. உயிரைப் பணயம் வைத்து இருளர் பழங்குடியினர் பிடித்து வரும் பாம்பிலிருந்து. அந்தக் கட்டில்காரரின் நரம்பில் ஏறிய மருந்தில் யார் கைபட்ட விஷம் இருந்ததோ! அதைத் தள்ளி வைக்க அவர் வீட்டார் கேட்கவில்லை.

கணவரிடம் இதைக் கேட்டபோது, "அந்தப் பொம்பள மேல எனக்குக் கோவம் வரல சார். இதெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான வளந்தோம். நர்ஸம்மா சொன்னத கேட்டதுந்தான் அழுக வந்துச்சு" என்றார்.

நன்றி என்ற சொல்லோடு நமக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பண்ணையில் படி அளந்தவருக்கு நன்றியோடு இருக்க வேண்டும், பழைய துணி கொடுத்தவருக்கு நன்றியோடு இருக்க வேண்டும், செத்த மாட்டைத் தூக்கச் சொன்னவருக்கும் நன்றியோடு இருக்க வேண்டும் என்று நம் பாட்டன்மார் தலையில் அதை ஏற்றி வைத்திருந்தார்கள். கூலியை உயர்த்திக் கேட்டபோதெல்லாம் "நன்றி கெட்டவனுங்க" என்ற வசவுதான் முதலில் வந்தது. அதனால் மருத்துவம் நம் உரிமை, காப்பீடு நம் உரிமை, இதற்கெல்லாம் எதற்கு நன்றி என்று நம் இளைஞர்கள் கேட்பது நியாயமே. நாமும் அந்தக் கட்சிதான். அதை அவரிடமே சொன்னோம். கொஞ்ச நேரம் பீடியை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "ஆண்டைக்குச் சொன்னது பயத்துல. அது வேற, இது வேற" என்றார்.

அந்தச் செவிலியரையும் சந்தித்தோம். முப்பதைத் தொடாத வயது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒப்பந்தப் பணியாளர், பத்திரிகையில் பெயர் வந்தால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். "ஸ்பெஷலா ஒண்ணும் பண்ணல சார். கான்ஷியஸா இருக்கற பேஷன்ட்டுக்குச் சொல்லிட்டுத்தான் செய்யணும், ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டணும்னு படிக்கறப்பவே சொல்லித் தந்ததுதான். எங்க வார்டுல நெறையப் பேர் செய்யறாங்க. ஆள் கொறவா இருக்கறப்ப முடியாமப் போயிடுது, அவ்ளோதான்" என்றார். பாம்புக்கடிக்காரர் வீட்டுச் சம்பவத்தைக் கேட்டோம். சரியாக நினைவில்லை என்றார். உண்மையிலேயே நினைவில்லையா, பேச விருப்பமில்லையா என்று நமக்குப் புரியவில்லை. அவர் யார் ஆள் என்று இந்நேரம் சில வாசகர்களுக்கு யோசனை ஓடியிருக்கும். நாம் கேட்கவில்லை.

ஒப்பந்தப் பணி என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015-இல் தேர்வு எழுதி வந்த செவிலியர்களுக்கு முதலில் கொடுத்த மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்றார்கள். பலர் அதைவிட நெடுங்காலம் காத்திருந்தார்கள், போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். கொரோனா நாட்களில் ஒப்பந்தத்தில் எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போதும் என்று அனுப்பியதும், அவர்கள் தெருவில் உட்கார்ந்ததும் நினைவிருக்கலாம். கொரோனா வார்டுக்குள் போகப் பெற்ற பிள்ளையே தயங்கிய நேரத்தில் உள்ளே போனவர்கள் அவர்கள்.

ஆண்டுதோறும் மே 12-இல் செவிலியர் நாள் கொண்டாடி, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் படத்துக்கு மாலை போடுகிறோம். போடட்டும். பக்கத்தில் இன்னொரு படமும் வைக்கலாம் என்பது நம் யோசனை. 1897-இல் புனேயில் பிளேக் பரவியபோது, முந்த்வா ஊருக்கு வெளியே இருந்த மகர் குடியிருப்பில் நோயில் கிடந்த சிறுவனை முதுகில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர் சாவித்திரிபாய் பூலே. அப்போது அவருக்கு 66 வயது. சிறுவன் பிழைத்தான். தொற்று தனக்கே வந்து, மார்ச் 10-ஆம் தேதி அவர் இறந்தார். அவரை ஆசிரியையாகத்தான் நம் பள்ளிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இந்த வீட்டு மகள் இப்போது பிளஸ் டூ, அறிவியல் பிரிவு. நர்சிங் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, டிப்ளமோ மூன்று ஆண்டு. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர்களுக்கு 18 சதவீத இடம் உண்டு, அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னோம். "அந்த அக்கா எழுதிக் குடுத்த லிஸ்ட்லயே அதெல்லாம் இருக்கு" என்றாள். பெண் கெட்டிக்காரி.

தாய்க்கு இப்போது கைத்தடி வேண்டியிருக்கிறது. பாதம் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. நடவுக்குப் போக முடியாது. நூறு நாள் வேலையில் தண்ணீர் கொடுக்கும் வேலை பார்க்கிறார். கணவர் அந்தப் பருவம் கரும்பு வெட்டுக்குப் போக முடியாததால் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் நிற்கிறது. குழுத் தவணை மட்டும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

ஏழு மாதம் கழித்து இருவரும் அந்தச் செவிலியரைப் பார்க்கப் போனார்கள். ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டை. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்று விசாரித்தபோது, முகக்கவசத்தோடு ஒரு பெண் வெளியே வந்து, "யாரும்மா வேணும்?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் இந்த அம்மாவுக்குக் கால் நடுங்கிவிட்டது. நாற்பது நாளும் முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்ணைத்தான் பார்த்திருக்கிறார். "ஒரு தரம் அத எறக்கும்மா, மொகத்தப் பாத்துக்கறேன்" என்றார். செவிலியர் இறக்கினார்.

"இம்மாஞ் சின்னப் பொண்ணு சார். எங்க மூத்தவ உயிரோட இருந்தா அந்த வயசுதான்."

மூன்று பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்றார்கள். வார்டிலிருந்து இன்னும் இரண்டு செவிலியர்கள் வந்து ஆளுக்கொரு கை அள்ளிக்கொண்டு போனார்கள். கிளம்பும்போது அந்தச் செவிலியர், "கடைசி பஸ் எட்டேகாலுக்குத்தானப்பா? சீக்கிரம் போங்க" என்றார். அவர் ஞாபகம் வைத்திருந்தது சரிதான். ஆனால் அந்த எட்டேகால் பஸ் இப்போது அந்தத் தடத்தில் வருவதில்லை. சாலைச் சந்திப்பில் இறங்கி, தடியை ஊன்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்திருக்கிறார்கள். வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, வீடு சேரப் பத்தரை மணி ஆகிவிட்டது. பஸ்ஸைத் திரும்ப விடக் கேட்டுக் காலனி மக்கள் இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறார்கள்.